மேற்கு பார்த்த தகடுகள்

காட்டூர், திருச்சி
8-2-1981

மாப்பிள்ளை சகாயநாதன் அவர்களுக்கு,

ஆண்டவர் தயவில் நானும் என் மகள் அமலராணியும் சுகம். முட்டிவலி எப்போதும் போல. பம்பாயில் நீங்களும் என் தங்கை லூர்துவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விசாரிப்பு இத்துடன் முடிந்தது.

அமலராணி இங்கே ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். டிசம்பரில் அவளை ஒரு பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஓர் ஆராய்ச்சியாளரின் கட்டுரையை உலகத்தில் யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தடித்தடியான அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டி எண்ணுவது அங்கே ஒரு பாடமாம். ஆளுக்கொரு பெயர் சொல்லச் சொன்னபோது, இவள் பெருமையாக "எங்க அத்தை வீட்டுக்காரர்" என்று உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறாள். 1974-ல் வந்த உங்கள் கட்டுரையை முப்பத்தொரு கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன. அந்த முப்பத்தொன்றில் ஏழு நீங்களே எழுதியவை. மூலக் கட்டுரையின் நகலையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

நான் எட்டாவது வரை படித்தவன். இங்கிலீஷ் எனக்குப் பெயிண்ட் டப்பா சொல்லிக்கொடுத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்து ஒன்பது நாளில் படித்து முடித்தேன். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு மொட்டைமாடியில் நாற்பத்தெட்டு இரும்புத் தகடுகளைப் பன்னிரண்டு விதப் பெயிண்ட் அடித்து வைத்ததாகவும், 1957 முதல் 1973 வரை பதினாறு வருஷம் மாதம் தவறாமல் அவற்றைச் சோதித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். கறுப்புக் குடைத்துணியைப் பெருவிரலில் சுற்றி, தகட்டில் ஒரே அழுத்தமாக ஒரு தேய்ப்பு தேய்த்து, பெயிண்டிலிருந்து எவ்வளவு மாவு உதிர்ந்து ஒட்டுகிறது என்று பார்த்துப் பத்துக்கு மார்க் போடுவதையும் விளக்கியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு ஜப்பான்காரர் 'சகாயநாதன் துணி முறை' என்று பெயர் வைத்துவிட்டாராம்.

அந்தக் குடை என்னுடையது. அந்தப் பெருவிரலும் என்னுடையது.

"இதுல உங்க பேரு எங்கப்பா இருக்கு?" என்று அமலராணி கேட்டாள். நானும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துத் தேடினேன். இல்லை. என் பெயர் ஏன் இல்லை, எப்போது வரும் என்ற இந்த இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதவும்.

தா. அற்புதசாமி


பம்பாய்
6-3-1981

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். முட்டிக்கு நல்ல டாக்டராகப் பாருங்கள், அலட்சியம் வேண்டாம்.

இருபத்தைந்து வருஷமாக இந்த வீட்டிலிருந்து உங்களுக்கு வந்த கடிதங்களை எல்லாம் நான் சொல்ல லூர்துதான் எழுதினாள். கீழே என் பெயரையும் அவளே போட்டுவிடுவாள். எனக்குத் தமிழ் எழுதிப் பழக்கம் விட்டுப்போயிற்று. இருந்தாலும் இதை நானே எழுதுகிறேன். உங்கள் கடிதத்தின் தொனி அப்படி.

ஆராய்ச்சிக் கட்டுரையின் ஆசிரியர் யார் என்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட வரைமுறை இருக்கிறது. கேள்வியை எழுப்பியவர், சோதனையை வகுத்தவர், முடிவைக் கண்டு எழுதியவர், இவர்தான் ஆசிரியர். எந்தப் பெயிண்ட், எத்தனை தகடு, எப்படி வைப்பது என்று எல்லாம் நான் வகுத்துக் கொடுத்தேன். நீங்கள் மாதாமாதம் அனுப்பிய மார்க்குகளை லூர்து இங்கிலீஷில் பெயர்த்து நோட்டில் ஏற்றிக் கொடுத்தாள். அவளும் தன் பெயரைக் கேட்கவில்லையே? வெப்பமானி வெப்பத்தைக் காட்டுகிறது. அதற்காக அதன் பெயரைக் கட்டுரையில் போடுவதில்லை.

மேலும், நீங்கள் சரியாகத் தேடவில்லை. கடைசிப் பக்கத்து அடிக்குறிப்பில் 'களத்தில் உதவிய ஒருவருக்கு' நன்றி சொல்லியிருக்கிறேன்.

அமலராணியின் படிப்பார்வம் மகிழ்ச்சி தருகிறது. அதை நல்ல வழியில் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

சகாயநாதன்


காட்டூர்
15-3-1981

மாப்பிள்ளைக்கு,

இங்கே சுகம். ஈஸ்டருக்கு முந்தின தபஸ் காலம் என்பதால் நாக்கை அடக்கி எழுதப் பார்க்கிறேன்.

வெப்பமானிக்கு முட்டிவலி வராது. மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்து, காட்டூரிலிருந்து சத்திரம், அங்கே பஸ் மாறி ஸ்ரீரங்கம் என்று பதினாறு வருஷம் போயிருக்கிறேன். ஆடி மாதத்தில் அந்த மாடியில் கண் திறந்து நிற்க முடியாது. காய்ந்த கொள்ளிடத்து மணல் முழுவதும் முகத்தில்தான் வந்து இறங்கும். என் மனைவி ரோசம்மாள் இறந்து நாலாம் நாள் முதல் ஞாயிறு வந்தது. மாடி ஏறினேன். அந்த வீட்டுச் சொந்தக்காரர் செல்லக்கண்ணு படிக்கட்டில் மறித்தார்.

"இன்னைக்குமாங்க? வீட்டுக்காரம்மா போயி நாலு நாள் ஆகல."

"தகட்டுக்கு அது தெரியாதுங்களே."

"தகட்டுக்குத் தெரியாது சரி. உங்களுக்குமா தெரியல?"

அந்த மாத மார்க் உங்கள் கட்டுரையில் மூன்றாம் பட்டியலில் இருக்கிறது. 1966 அக்டோபர். பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மாடிக்கு நீங்கள் எத்தனை தடவை வந்தீர்கள்? ஒரு தடவை கூட இல்லை. அறுபத்திரண்டில் திருச்சிக்கு வந்தபோது செல்லக்கண்ணு வீட்டு வாசல் வரை வந்து, வெயில் அதிகம் என்று காரிலேயே உட்கார்ந்து இளநீர் குடித்துவிட்டுப் போனீர்கள்.

வகுத்தவர் நீங்கள் என்கிறீர்கள். வகுத்தவருக்கு ஒரே ஒரு கேள்வி. என் தகடுகள் எந்தத் திசையைப் பார்த்து நின்றன? லூர்துவைக் கேட்காமல் நீங்களாகவே மறு தபாலில் பதில் எழுதுங்கள்.

தா. அற்புதசாமி


பம்பாய்
9-6-1981

அன்புள்ள அண்ணனுக்கு,

லூர்து எழுதுகிறேன். இத்தனை வருஷத்தில் என் பெயரில் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. எனக்குச் சுகம்தான். அமலராணிக்கு என் முத்தங்கள்.

மூன்று மாதமாக இவரிடமிருந்து பதில் வராதது உங்களுக்குக் கோபமாக இருக்கும். உங்கள் கடிதம் வந்த அதே வாரம் ஒரு ஜெர்மன்காரரிடமிருந்தும் இவருக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் ஒரு வெப்ப நாட்டில் இதே பெயிண்டுகளைத் தெற்குப் பார்த்து வைத்துச் சோதித்தாராம். இவர் கட்டுரையில் ஆறு வருஷத்தில் போன பெயிண்ட் அங்கே பதினோரு வருஷம் தாங்குகிறதாம். காரணம் கேட்கிறார். வரும் ஜனவரியில் இவரை ஆராய்ச்சிக்கூடத்தில் பிரிவுத் தலைவராகப் போடுவதாக இருக்கிறார்கள். அதற்குள் இது வந்து நிற்கிறது. சரியாகச் சாப்பிடுவதில்லை.

நீங்கள் திசை கேட்டு எழுதியதைப் படித்ததும் என்னைக் கூப்பிட்டார். "தெற்குன்னுதானே சொன்னேன்? நீ எழுதினியா இல்லையா?" என்றார். "எழுதினேன்" என்றேன்.

அண்ணே, உங்களுக்கு நடந்தது அநியாயம். அதை நான் மறுக்கவில்லை. பெயரைக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். திசையை மட்டும் கிளற வேண்டாம். ஏன் என்று கேட்காதீர்கள்.

உங்கள் தங்கை
லூர்துராணி


காட்டூர்
17-6-1981

லூர்துவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகம். அமலராணி உன் முத்தங்களை வாங்கிக்கொண்டாள். எனக்கு அவற்றில் பங்கு வேண்டாம்.

உன்னைக் கேட்காமல் எழுதச் சொன்னேன், உன்னையே கேட்டிருக்கிறார். அதிலேயே பதில் இருக்கிறது. கட்டுரையில் 'தகடுகள் தெற்குப் பார்த்து நாற்பத்தைந்து டிகிரி சாய்வில்' என்று எழுதியிருக்கிறார். சோதனை முறைப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, அதனால் மாடியிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார். தகடுகள் மேற்குப் பார்த்து நின்றன. பதினாறு வருஷமும் மேற்கு.

ஏன் மேற்கு? முப்பது வருஷம் கொள்ளிடப் பாலத்தில் கயிற்றுப் பலகையில் தொங்கிப் பெயிண்ட் அடித்தவன் நான். பாலம் தெற்கு வடக்காகப் போகிறது. மேற்குப் பக்க இரும்பில்தான் பிற்பகல் வெயில் விழுகிறது, ஆடிக் காற்றும் மணலும் அடிக்கிறது. பெயிண்டை எது தின்கிறது என்று தெரிய வேண்டுமானால் தின்னும் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் மண்டையில் உதித்தது. அந்த ஜெர்மன்காரர் கேட்கும் கேள்விக்குப் பதில் பம்பாயில் இல்லை, என்னிடம் இருக்கிறது.

நீ திசையை விடச் சொல்கிறாய். புருஷன் பக்கம் நிற்பது உன் கடமை என்று நினைக்கிறாய் போலிருக்கிறது. நின்றுகொள். என்னிடம் அதற்கு ஒத்தாசை கேட்காதே. உன் வீட்டுக்காரரை எழுதச் சொல்.

அண்ணன்


பம்பாய்
2-8-1981

அற்புதசாமி மச்சான் அவர்களுக்கு,

நலம். நீங்கள் லூர்துவுக்கு எழுதியதைப் படித்தேன். இந்த வீட்டில் கடிதங்களை ஒளிப்பதில்லை.

மேற்கு என்று நீங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டதற்கு நன்றி. ஏழு வருஷமாக உலகம் நம்பிய ஒரு கட்டுரை இப்போது பொய்யாக நிற்கிறது. 1957-ல் தகடுகளை அனுப்பியபோது தெற்குப் பார்த்து வைக்கும்படி லூர்துவிடம் சொல்லி எழுதவைத்தேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவளும் எழுதியதாகச் சொல்கிறாள். அந்தக் கடிதம் உங்களிடம் இருக்கும். பஸ் டிக்கெட்டைக்கூட எறியாதவர் நீங்கள். எடுத்துப் பாருங்கள். படித்துவிட்டு, உங்கள் இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருக்கிறீர்கள். மாற்றியதை ஒரு வரி எழுதித் தெரிவிக்கவும் இல்லை.

பத்திரிகைக்கு ஒரு திருத்தக் குறிப்பு அனுப்ப வேண்டியிருக்கிறது. அதன் சாரம் இது: 'தகடுகள் உண்மையில் மேற்குப் பார்த்து வைக்கப்பட்டிருந்தன. அறிவுறுத்தலை மீறித் திசையை மாற்றியது களப் பார்வையாளர் திரு. தா. அற்புதசாமியின் தவறு.' இங்கிலீஷ் பிரதியை இணைத்திருக்கிறேன். கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

உங்கள் முழுப் பெயரும் அச்சில் வரும். நீங்கள் கேட்டது அதுதானே?

சகாயநாதன்


காட்டூர்
25-10-1981

மாப்பிள்ளைக்கு,

பதில் எழுத இரண்டரை மாதம் ஆயிற்று. நடுவில் காய்ச்சல் வந்து போனது. இப்போது பரவாயில்லை. நீங்கள் சுகம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்ன கடிதத்தைத் தேடினேன். மற்ற வருஷத்துக் கடிதங்கள் இருக்கின்றன. 1957 கடிதக் கட்டை மட்டும் கரையான் அரித்துவிட்டது. அதனால் நீங்கள் என்ன சொன்னீர்கள், என்ன எழுதி வந்தது என்று பேசிப் பயனில்லை. அதை விட்டுவிடுவோம்.

திசையை முடிவு செய்தவன் நான். அதை எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். 'தவறு' என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் போட மாட்டேன். கூடவே நான் எழுதிய வாசகம் இருக்கிறது: 'தகடுகள் மேற்குப் பார்த்து வைக்கப்பட்டன. வெயிலும் மணற்காற்றும் சேர்ந்து தாக்கும் திசை அதுவே என்று கண்டு அந்தத் திசையைத் தேர்ந்தவரும், துணி முறையை வகுத்தவரும், பதினாறு வருஷம் சோதித்தவரும் தா. அற்புதசாமி. தெற்கு என்று அச்சானது கட்டுரையாளரின் பிழை.' அமலராணி இங்கிலீஷில் பெயர்த்து டைப் அடித்திருக்கிறாள். ஒரு புள்ளி மாற்றக் கூடாது.

முடியாது என்றால் சொல்லுங்கள். தகடுகள் நின்ற இரும்புச் சட்டம் இன்னும் செல்லக்கண்ணு மாடியில் சிமெண்டில் பதிந்து நிற்கிறது, மேற்குப் பார்த்து. போன வாரம் போட்டோ எடுத்துவிட்டோம்.

"இப்ப என்னங்க, எலும்புக்கூட்டுக்குப் படமா?" என்றார் செல்லக்கண்ணு.

"ஆமாங்க. ஜெர்மனிக்கு அனுப்பணும்" என்றேன்.

அனுப்பவா, வேண்டாமா என்று எழுதுங்கள்.

தா. அற்புதசாமி


பம்பாய்
19-11-1981

திரு. அற்புதசாமி அவர்களுக்கு,

ஜெர்மனிக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். உங்கள் வாசகத்தைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். 'பிழை' என்பதை மட்டும் 'கவனக்குறைவு' என்று மாற்றியிருக்கிறேன். அதற்கு மேல் இறங்கி வர என்னால் முடியாது. வசந்த கால இதழில் வெளியாகும்.

உங்கள் உடல்நலத்துக்கு என் பிரார்த்தனை உண்டு. கடிதம் இனி வேண்டாம்.

சகாயநாதன்


காட்டூர்
20-6-1982

லூர்துவுக்கு,

சுகம், சுகம், சுகம். உன் வீட்டுக்காரர் எழுத வேண்டாம் என்றார். உனக்கு எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

வந்துவிட்டது. அமலராணி போன வியாழக்கிழமை நூலகத்திலிருந்து நகலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அரைப் பக்கம். 'தா. அற்புதசாமி' என்று கறுப்பு மையில் இங்கிலீஷில் இருக்கிறது. இனிமேல் அந்த அட்டவணைப் புத்தகத்தில் என் பெயருக்கும் ஓர் இடம் உண்டாம். பங்குச் சாமியாரிடம் காட்டினேன். "இத்தனை வருசமா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே, அற்புதம்" என்றார். செல்லக்கண்ணுவிடம் கொண்டுபோனேன். எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, "வீடு என்னுது. எம் பேரு எங்கங்க?" என்று கேட்டார். இரண்டு பேரும் சிரித்தோம்.

இன்னொன்று கேள். அந்த ஜெர்மன்காரர் பத்திரிகை வழியாக எனக்கே எழுதியிருக்கிறார். மேற்குத் திசையைத் தேர்ந்ததுதான் இந்தச் சோதனையிலேயே பெரிய விஷயம், அதை எப்படிக் கண்டீர்கள் என்று கேட்கிறார். பாலத்தைப் பார்த்துக் கண்டேன் என்று பதில் போட்டுவிட்டேன். உன் வீட்டுக்காரருக்கு இருபத்தைந்து வருஷத்தில் எவனாவது இப்படி எழுதியிருக்கிறானா, கேட்டுப் பார்.

நகல் ஒன்றை இணைத்திருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

அண்ணன்


பம்பாய்
4-7-1982

அண்ணனுக்கு,

நான் சுகமாக இல்லை. நீங்கள் சுகம் என்று மூன்று தடவை எழுதியிருக்கிறீர்கள். போதும்.

கரையானா?

எழுபத்தேழு வெள்ளத்தில் ஊரே நனைந்தபோது நகைப் பெட்டியை விட்டுவிட்டுக் கடிதப் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டவர் நீங்கள். அமலராணி அப்போது எனக்கு எழுதினாள். அந்தப் பெட்டியில் மற்ற வருஷக் கட்டுகளை எல்லாம் விட்டுவிட்டு ஒரு கட்டை மட்டும் தேடித் தின்னும் கரையானை நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று நான் சொல்கிறேன். நான் எழுதியது, எனக்கு மறக்காது. இவர் அன்று 'தெற்கு' என்று சொன்னார். சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். நான் எழுதியது இது: 'பாலத்தில் மேற்குப் பக்கத்தை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அடிக்கிறீர்கள், கிழக்குப் பக்கம் நாலு வருஷம் தாங்குகிறது. ஆகையால் தகடுகளை மேற்குப் பார்த்து வைக்கவும்.' கீழே வழக்கம் போல 'சகாயநாதன்' என்று போட்டேன். அவர் பாலத்தைப் பார்த்தவரா? கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் உங்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அங்கே வந்தவள் நான். வரும்போதெல்லாம் உங்கள் ஆட்கள் எந்தப் பக்கம் தொங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். நீங்கள் மேலிருந்து குனிந்து பார்த்து, "வாயப் பொளந்துக்கிட்டு நிக்காத, வெயில்ல கறுத்துடுவே" என்பீர்கள்.

பிறகு பயந்துவிட்டேன். பதினாறு வருஷம் உங்கள் மார்க்குகளை இங்கிலீஷில் ஏற்றினேன். ஒவ்வொரு மாதமும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். கட்டுரையில் 'தெற்கு' என்று டைப் அடித்து வந்த தாளையும் படித்தேன். வாய் திறக்கவில்லை. அது என் கோழைத்தனம். அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும், சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் கடிதம் இல்லை என்று எழுதியபோது என்னைக் காப்பாற்றுகிறீர்கள் என்று நினைத்தேன். சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். இப்போது இந்த அரைப் பக்கத்தைப் பார்க்கிறேன். 'அந்தத் திசையைத் தேர்ந்தவர்.' ஜெர்மனிக்கு வேறு 'நான் கண்டேன்.' என்னைக் காப்பாற்ற இவ்வளவு தேவையா அண்ணே?

நேற்று இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "இதை இப்ப யார்கிட்டயும் சொல்லாத. ரெண்டாவது தடவை திருத்தம் போட்டா சிரிப்பாங்க" என்றார். அவ்வளவுதான். நீங்கள் இரண்டு பேரும் ஒரு வருஷமாக எதற்குச் சண்டை போட்டீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. நன்றாக ஒத்துப்போகிறீர்கள்.

என் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வர வேண்டாம். அந்த ஆசை எல்லாம் எப்போதோ போய்விட்டது. கரையான் என்று எழுதிய அதே கையால், அந்தப் பெட்டியில் என்ன படித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். எழுத முடியாது என்றால் இதற்குப் பதில் போடாதீர்கள். நான் புரிந்துகொள்கிறேன்.

லூர்துராணி


காட்டூர்
29-8-1982

லூர்துவுக்கு,

ஆடி முடிந்துவிட்டது. காற்று அடங்கியிருக்கிறது. முட்டி பரவாயில்லை. நீ சுகமாக இல்லை என்று எழுதியிருந்தாய். அதற்கு நான்தான் காரணம் என்பதால் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

கேட்டதற்குப் பதில்.

போன வருஷம் ஆகஸ்டில் பெட்டியைத் திறந்தேன். 1957 கட்டு முழுசாக இருந்தது. அந்தக் கடிதமும் இருந்தது. மேற்கு என்று இருந்தது, கீழே உன் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. ஆள் மாட்டிக்கொண்டான் என்று சத்தமாகவே சொன்னேன். அவர் கடிதத்தாலேயே அவரை அடித்துவிடலாம் என்று எழுந்து அமலராணியைக் கூப்பிட்டேன். அவள் வருவதற்குள் இன்னொரு தடவை படித்தேன். கிழக்குப் பக்கம் நாலு வருஷம் தாங்கும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பாலத்தின் கீழே தூக்குச்சட்டியோடு நின்றவள் ஞாபகம் வந்தாள். "என்னப்பா?" என்று அமலராணி வந்து நின்றாள். ஒன்றுமில்லை என்று பெட்டியை மூடிவிட்டேன்.

இத்தனை வருஷமும் அந்த யோசனை என்னுடையது என்றே நினைத்திருந்தேன். பொய் சொல்லவில்லை, நினைத்தே விட்டேன். மாதாமாதம் அந்தச் சட்டத்தின் முன்னால் நின்றவன் நான் என்பதால் அது என்னிடமே பிறந்த மாதிரி ஆகிவிட்டது.

உனக்காக மறைத்தேன் என்று எழுதலாம். பெட்டியை மூடிய அன்று அது உண்மை. இரண்டு மாதம் கழித்து அந்த வாசகத்தை எழுதினேனே, அன்று அது உண்மை இல்லை. அன்று எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. துணி முறை ஒன்றே போதும், அது என்னுடையதுதான், யாரும் கேட்க முடியாது. ஆனால் திசைதான் பெரிது என்று எனக்கும் தெரியும். எடுத்துக்கொண்டேன். காய்ச்சல் வந்ததும் பொய். ஒரு வாசகம் எழுத அத்தனை நாள் ஆயிற்று.

உன் கடிதம் வந்து ஏழு வாரம் எனக்கு உன் மேல் கோபம். ஒரு வரி எழுதியவள் பெரியவளா, பதினாறு வருஷம் வெயிலில் நின்றவன் பெரியவனா என்று இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றாவதாக இது.

மன்னிப்புக் கேட்டு எழுத எனக்கு வரவில்லை. வராததை எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

உன் பெயர் அச்சில் வேண்டாம் என்றாய். அதை மட்டும் நான் கேட்பதாக இல்லை. அந்த 1957 கடிதத்தைப் போட்டோ பிடித்து, திசையைத் தேர்ந்தது நான் அல்ல, என் தங்கை என்று மூன்றே வரி எழுதி, பத்திரிகைக்கும் ஜெர்மன்காரருக்கும் நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ரசீது என்னிடம் இருக்கிறது. இரண்டாவது திருத்தத்துக்குச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். முதலில் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். உன் வீட்டில் இதனால் என்ன வரும் என்று அமலராணி கேட்டாள். வரட்டும். தாங்க முடியவில்லை என்றால் ரயிலேறி இங்கே வா. மாட்டேன் என்றால் அங்கேயே நின்று சண்டை போடு. உனக்குப் பயம் தெளிந்துவிட்டது என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது.

டைப் அடிக்கும்போது, "அத்தை பேரை எப்படிப்பா போடறது? திருமதி சகாயநாதன்னா?" என்றாள்.

"பாலத்துக்கு வந்தப்ப அவளுக்குக் கல்யாணம் ஆகல" என்றேன். நம் அப்பா தாவீதின் முதல் எழுத்தைத்தான் போட்டிருக்கிறோம். தா. லூர்துராணி.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம்.

அண்ணன்
தா. அற்புதசாமி